மெட்டின் முடிவு கேட்டு மைத்துனருக்கு எழுதியது

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவியாரும், தங்கள் இருவருடைய நான்கு முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். சென்ற வாரம் தொலைபேசியில் தாங்கள் எனக்கு வழங்கிய அறிவுரை கிடைக்கப்பெற்றேன். பக்கத்தில் ஒரு நல்ல மருத்துவரைப் பார்த்துத் தலையை ஒரு முறை காட்டிவிட்டு வரும்படி தாங்கள் சொன்னபோது, பின்னாலிருந்து தங்கள் மனைவியார் "மெதுவா சொல்லுங்க, கோபம் வந்துடப் போகுது" என்றதும் என் காதில் விழுந்தது. முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் இரைச்சல் ஆய்வாளராக இருந்தவனுக்கு, அடுத்த அறையில் பேசுவது கேட்காது என்று நீங்கள் நினைத்திருக்கக் கூடாது. கோபம் வரவில்லை. ஆனால் பதிலை எழுத்தில்தான் தருவேன். எழுத்தில் தந்தால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

என் மகள் தங்களிடம் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சலவைக்கடையின் நிலவறைக்குப் போனது உண்மை. முடிதிருத்தும் கடையில் முடி வெட்டிக்கொள்ளாமல் இரண்டு மணி நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மை. பேருந்துப் பணிமனையில், வண்டி கழுவுகிற இடத்தில், முன்பின் தெரியாத ஓட்டுநர் அம்மா ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அழுததும் உண்மை. ஆனால் "அப்பாவுக்கு அம்மா குரல் கேட்குதாம்" என்று அவள் சொன்னாளாமே, அங்கேதான் தவறு. எனக்கு மட்டும் கேட்கவில்லை, இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கேட்கிறது. அதை விளக்கிச் சொல்லி, கடைசியில் தங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன். சனிக்கிழமைக்குள் தாங்கள் செய்தாக வேண்டிய உதவி அது.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் எங்கள் மேல்வீட்டுக்காரர். எதிர்ச்சாரியில் இருக்கும் சலவைக்கடைக்குக் கீழே, நிலவறையில், சில பிள்ளைகள் சேர்ந்துகொண்டு பிற்பகலானால் தட்டுவதும் கத்துவதுமாக இருக்கிறார்கள் என்றும், சாப்பிட்டபின் தன்னால் கண் அயர முடியவில்லை என்றும், நான் ஒருநடை வந்து அளந்து சொன்னால் புகார் எழுத வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். நான் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, மீட்டர் இருக்கிறதே என்றார். மீட்டர் இருந்தது. நுனியில் கறுப்பு ஸ்பாஞ்ச் உருண்டை மாட்டிய பழைய மாடல். இனிமேல் உதவாது என்று வழியனுப்பு விழாவில் என்னோடு சேர்த்து அதையும் அனுப்பிவிட்டார்கள். உங்கள் அக்கா இருந்தவரை அதைச் 'சின்ன வீடு' என்றுதான் சொல்வாள். நான் அதைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், உங்கள் அக்கா போனபிறகு ஒரு வேலை என்று சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சத்தத்தை அளப்பதற்கு முன்னால் சத்தம் இல்லாததை அளக்க வேண்டும். தட்டுகிறவனைத் தட்டாதே என்று சொல்லி, கத்துகிறவனைக் கத்தாதே என்று சொல்லி, அந்த இடம் தன்பாட்டுக்கு எவ்வளவு ஒலிக்கிறது என்று ஐந்து நிமிஷம் குறித்துக்கொள்ள வேண்டும். அதைக் கழித்த பிறகுதான் குற்றவாளியின் கணக்கு. நிலவறைக்குப் பதினாறு படி. ஜன்னல் கிடையாது. மேலே சலவை இயந்திரங்கள் ஓடுகிற அதிர்வு கூரை வழியாக இறங்கி நம் பல்லில் வந்து உட்காருகிறது. ஐந்து பேர் நின்றார்கள், எல்லோருக்கும் இருபத்தைந்துக்கு மேல் முப்பதுக்குள். 'ஈரத்துணி' என்பது அவர்களுடைய இசைக்குழுவின் பெயராம். அதை வெட்கப்படாமல் சொன்னார்கள். இந்த ஊரில் இப்படித் தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுகிற குழுக்கள் நாற்பதுக்கு மேல் இருப்பதாகவும், தாங்கள் அதில் ஓரளவு தெரிந்த முகம் என்றும் சொன்னார்கள். நான் என் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன். காலாவதித் தேதியின்மேல் கட்டைவிரல் இருந்தது. ஐந்து நிமிஷம் யாரும் எதையும் தொடக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்றேன். நல்ல பிள்ளைகள், அப்படியே நின்றார்கள்.

மீட்டர் முள் முப்பத்தெட்டு டெசிபலில் நின்றது. மூன்றாவது நிமிஷத்தில் அது நாற்பத்தொன்றுக்குப் போயிற்று. யாரடா அது என்று நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து வாயும் மூடியிருந்தன. மேலே இயந்திரம் நின்றுபோயிருந்தது. ஆனால் அறைக்குள் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. சின்னதாக ஏறி, ஏறின இடத்தில் கொஞ்சம் யோசித்து, இறங்கப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறுகிற ஒரு மெட்டு. எனக்குப் பின்கழுத்தில் மயிர் எழுந்து நின்றது. மைத்துனரே, அது உங்கள் அக்கா. சமையலறையில் காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோதும், வாயைத் திறக்காமல் மூக்காலேயே முணுமுணுப்பாளே, அதே மெட்டு. அந்தப் பாட்டை நான் எந்த வானொலியிலும் கேட்டதில்லை. இரண்டு வருஷமாக எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. எவ்வளவோ முயன்றும் வராதது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆமாம், பாடகிதான். தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். தான் முணுமுணுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

சரி, வாசியுங்கள் என்று கை காட்டினேன். அவர்கள் தொடங்கினார்கள். முதலில் கிதார், அப்புறம் அந்தப் பெண் மைக்கருகே போய்ப் பாட்டின் முதல் வரியைப் பாடாமல் பேசுவதுபோல் சொன்னாள்: "இருங்க, இதோ வந்துடுவாங்க."

வீட்டு வாசலில் யார் வந்து என்னைக் கேட்டாலும் உங்கள் அக்கா சொல்கிற வாசகம் அது. 'வந்து'வை அவள் இழுப்பதுபோலவே இழுத்தாள். நான் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன். படியில் யாரும் வரவில்லை. மறுபடி முன்னால் திரும்பினால், வாசித்துக்கொண்டே அந்த ஐந்து பேரும் என் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ஏட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷப் பணியையும் சேர்த்து, ஒரு அளவை நான் குறிக்காமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

விசாரித்தேன். பாடகிக்குப் பிழைப்புக்குக் கைபேசி பழுது பார்க்கிற வேலை. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தெரியவில்லை, சின்ன வயதில் கடுமையான ஜுரத்தில் கிடந்தபோது காதில் கேட்டது என்றாள். வரியும் கூடவே கேட்டதாம். அவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இதே மெட்டை இன்னும் இரண்டு குழுக்கள் வாசிக்கின்றனவாம். இவர்கள் திருடியதாக அவர்களும், அவர்கள் திருடியதாக இவர்களும் சொல்லி, ஒரு மேடையில் மைக் கம்பியைத் தூக்குகிற அளவுக்குப் போயிருக்கிறது. ஒரு வழக்கு என் கையில் வந்து விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. மேல்வீட்டுக்காரரிடம் விஷயம் விசாரணையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை கண் அயரவில்லை.

அடுத்தது முடிதிருத்தும் கடை. அங்கே குழு என்றால் கடைக்காரர் ஒருவர்தான். 'பின்கழுத்து' என்ற பெயரில் பாடுகிறார். வார விடுமுறையன்று பிற்பகலில் கடையை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, எட்டுப் பேரை எட்டு நாற்காலியிலும் கண்ணாடியைப் பார்க்க உட்கார வைத்து, அவர் பின்னால் நின்று பாடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கையில் கிதார்தான், ஆனால் எனக்கென்னவோ கத்தி இருப்பதாகவே பட்டுக்கொண்டிருந்தது. மூன்று பாட்டு தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. நான்காவதில் வந்துவிட்டது உங்கள் அக்காவின் மெட்டு. இந்த முறை இன்னும் கொஞ்சம் நீளமாக. ஈரத்துணி நிறுத்திய இடத்தைத் தாண்டி இரண்டு வளைவு கூடப் போய், சட்டென்று நின்றது. முடிந்த மாதிரி நிற்கவில்லை, பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். எட்டு முகமும் ஒரேமாதிரி இருந்தன. யாரும் பாட்டு கேட்கிற முகத்தோடு இல்லை. ஏதோ ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிற முகம். நடுவில் என் முகமும் அப்படியேதான் இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று அவரைக் கேட்டேன். இதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். மேற்கொண்டு தானாகப் போட்டுப் பார்த்தால் ஒட்டவே இல்லையாம்.

மூன்றாவது, பேருந்துப் பணிமனையின் நாட்டுப்பாட்டுக் குழு. 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர். இரண்டு மெக்கானிக், ஒரு டிக்கெட் பரிசோதகர், பிடில் வாசிக்கிற ஓட்டுநர் அம்மா ஒருவர். வண்டி கழுவுகிற கொட்டகையில், பேருந்துகள் ஈரம் சொட்ட வரிசையாக நிற்க, வேலை மாறுகிற நேரத்தில் வாசிப்பார்கள். அந்த மெட்டை 'முந்நூறு வருஷத்து மலைப்பாட்டு' என்று அறிவித்துவிட்டு வாசித்தார்கள். மலையில் யார் பாடியது என்று கேட்டேன். டிக்கெட் பரிசோதகர் பேருந்துக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். ஆனால் ஓட்டுநர் அம்மாவின் பிடிலில் அது எல்லோருடையதையும்விட நீளமாக இருந்தது. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நான் முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டிராத திருப்பமெல்லாம் அதில் வந்தது. கேட்டிராத என்றா சொன்னேன். காதில் விழுந்திருக்கும், நான் கேட்கவில்லை. கடைசியில் அதுவும் பாதியில் நின்றது. வாசித்து முடித்ததும் அவர் காதோரம் கையை வைத்துக்கொண்டார், ரிசீவர் பிடிக்கிறவர்கள் வைப்பதுபோல. நான் அதைப் பார்த்துவிட்டு, முதலில் இதை எங்கே கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"போன்ல" என்றார்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. உங்களுக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். உங்கள் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தாள் இல்லையா. அழைப்பவர்களைக் காக்க வைக்கும்போது சங்கீதம் ஒலிக்கிற கருவி ஒன்று அவள் மேசையில் இருந்ததும், அவள் சேர்ந்த இரண்டாம் வருஷமே அது கெட்டுப்போனதும், அவள் எழுதிப் போட்ட விண்ணப்பங்களின் நகல்கள் வீட்டில் ஒரு கட்டாக இருந்ததும் எனக்குத் தெரியும். கருவி வரவே இல்லை என்பதும் தெரியும். வராத கருவிக்குப் பதிலாக அவள் என்ன செய்தாள் என்பது தெரியாது. எதிர்முனையில் இருப்பவர்கள் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துப் பயந்துவிடக் கூடாதென்று, "இருங்க, இதோ வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் எடுக்கிறவரைக்கும் அவளே முணுமுணுத்திருக்கிறாள். இருபது வருஷம். ஜுரத்தில் கிடந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரிசீவரைப் பிடித்திருந்த தாய்மார்கள் எத்தனை பேர். அந்தக் குழந்தைகள்தான் இப்போது ஈரத்துணியும் பின்கழுத்தும். என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அனுமதியில்லாமல் எழுப்பப்பட்ட ஒலி என்று நான் நோட்டீஸ் கொடுத்தாலும் கொடுத்திருப்பேன்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. யார் அதிக நேரம் காத்திருந்தார்களோ அவர்களிடம் அதிக மெட்டு இருக்கிறது. ஓட்டுநர் அம்மாவிடம் கேட்டேன். ஈரப் பேருந்தின் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நாப்பது நிமிஷம் சார். லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைக்கிறப்பெல்லாம் அந்தம்மா விடாம ஹம் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் டாக்டர் எடுத்து, எங்கப்பா போயிட்டார்னு சொன்னார். டாக்டர் குரல் எனக்கு இப்ப ஞாபகமில்லை."

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என் மகள் தங்களிடம் சொல்லியிருக்கிறாள். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று குழுக்களையும் போன ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் கூட்டினேன். பள்ளிக்கூடம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடம், பிற்பகல் மூன்று மணி. யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை, எல்லோரும் என் மனைவியிடமிருந்து வாங்கியது என்று அறிவித்தேன். இருநூறு பேராவது வந்திருப்பார்கள். நான் பழக்க தோஷத்தில், முதலில் ஐந்து நிமிஷம் எல்லோரும் சும்மா இருங்கள், அளக்க வேண்டும் என்றேன். இருநூறு பேரும் வாயை மூடினார்கள். மீட்டரைத் தூக்கிப் பிடித்தேன். முள் மெதுவாக ஏறியது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. தரையிலிருந்து வருகிற மாதிரி, கம்பிகளிலிருந்து வருகிற மாதிரி, கூடம் முழுக்க உங்கள் அக்கா எழுந்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். யாருக்கு எங்கே டாக்டர் எடுத்தாரோ அங்கே அவர்கள் நின்றுபோனார்கள். கூட்டம் மெலிந்து, மெலிந்து, பத்துப் பேராகி, மூன்று பேராகி, கடைசியில் ஓட்டுநர் அம்மா மட்டும். அவரும் நின்ற பிறகு இருநூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மாவின் வீட்டுக்காரர்தானே, மீதி இவருக்குத் தெரியும் என்கிற பார்வை. யாரும் இமைக்கவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். உங்கள் அக்காவை இவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. எனக்கு மீதி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஏடுகளைப் புரட்டினேன். புது மீட்டர் ஒன்றைச் சோதிக்க ஒருமுறை ஒரு வாரம் வீட்டிலேயே வைத்து அளந்தேன். அந்த ஏடு கிடைத்தது. 'மாலை ஐந்து பத்து, சமையலறை, நாற்பத்தொரு டெசிபல், பெண் குரல், தொடர் ஒலி' என்று என் கையெழுத்தில் ஏழு நாளும் நிமிஷத்துக்கு நிமிஷம் இருக்கிறது. ஈரத்துணியில் மேளம் அடிக்கிற பிள்ளை அந்த எண்களை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடினான். எவ்வளவு சத்தமாக முணுமுணுத்தாள் என்று தெரிகிறது, எதை முணுமுணுத்தாள் என்று தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து அறையில் உட்கார்ந்து எண் எழுதிக்கொண்டிருந்தவன் நான். எழுந்து போய்க் கதவோரம் நின்று ஒருமுறை கேட்டிருந்தால், இன்று உங்களுக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

சனிக்கிழமை மாலை மூன்று குழுக்களும் சேர்ந்து அந்த மெட்டைப் பதிவு செய்யப் போகிறார்கள். அதற்குள் முடிவு கிடைக்காவிட்டால் தாங்களாகவே ஒன்றைப் போட்டு முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். முடிதிருத்துகிறவர், கைதட்டலோடு முடித்தால் எடுப்பாக இருக்கும் என்கிறார். அப்படி முடித்துவிட்டால் அப்புறம் அதுதான் முடிவு. உங்கள் அக்கா எங்கே கொண்டுபோய் விட்டாள் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதை என்னால் தாங்க முடியாது என்பதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நீங்கள் அவளோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருஷம் வளர்ந்தவர். சின்ன வயதில் அவள் இதை முணுமுணுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யார் பாடியது, எப்படி முடியும், இறங்கி முடியுமா ஏறி முடியுமா, எது ஞாபகத்துக்கு வந்தாலும் கைபேசியில் பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள். உங்கள் குரலைப் பற்றி எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் இனி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்பதையும் தெரியப்படுத்துங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல காதுகளோடு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் எதையும் அனுப்பவும் வேண்டாம்.

நேற்று இந்தக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கதவோரம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். என்னை டாக்டரிடம் அழைத்துப் போக வந்தவள். எப்போது வந்தாய் என்று கேட்டேன். இரண்டு மணி நேரமாக அங்கேயே நிற்கிறாளாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யாரிடமும் முடிவு இல்லை, மாமாவுக்கு எழுதியிருக்கிறேன், அம்மாவின் மெட்டு எப்படி முடியும் என்று உனக்காவது தெரியுமா என்று கேட்டேன்.

"அது அம்மாவோடது இல்லப்பா" என்றாள். "உங்களோடது. நீங்க ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் ஹம் பண்ணுவீங்க. இப்பவும் ரெண்டு மணி நேரமா பண்ணிக்கிட்டுதான் இருந்தீங்க. அம்மா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிச்சாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. சொன்னா அவரு நிறுத்திடுவாரு, அப்புறம் வீடு நல்லாயிருக்காதுன்னு சொன்னாங்க."

மைத்துனரே, அலுவலகத்தில் எனக்கு மட்டும் வராந்தாவின் கடைசியில் தனி அறை கொடுத்திருந்தார்கள். மரியாதை என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். முணுமுணுக்க முயன்று பார்த்தேன், வரவில்லை. அது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவளுடைய குரலில் இருப்பதுதான். முடிவு உண்டா என்று மகளைக் கேட்டேன். உண்டாம். கையெழுத்துப் போடும்போது தானாக வருமாம், ஒவ்வொரு முறையும் அதேதானாம். ஆனால் அவளுக்குப் பாட வராது. அவள் உங்கள் பக்கத்துச் சாயல்.

ஆகவே இன்று காலை ஓட்டுநர் அம்மாவும், ஈரத்துணியின் பாடகியும், முடிதிருத்துகிறவரும் வந்து அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு பாதி சாத்தியிருக்கிறது. நான் கவனிக்கக் கூடாதாம், எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதனால்தான் இந்தப் பின்குறிப்பு இவ்வளவு நீளமாகப் போகிறது, மன்னிக்கவும். எங்கள் தெருவில் தண்ணீர் காலையில் ஒழுங்காக வருகிறது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் இறுகிவிட்டது, எண்ணெய் விட வேண்டும். செருப்பு ஒன்று வாங்கினேன், இடது கால் கடிக்கிறது. வேறென்ன எழுதுவது. அடுத்த அறையில் பிடில் பெட்டியை யாரோ மெதுவாகத் திறக்கிறார்கள். என் மகள் மூக்கை உறிஞ்சுகிறாள். அதைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கையெழுத்துப் போடப் போகிறேன்.

அத்தான்